துணைக்கு வந்தவர்

"கேட்டதையே கேக்குறா, சிஸ்டர். நேத்து சாவியக் காணோம்னு வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டா!" என்று படபடத்தார் கணவர். மனைவி தலை குனிந்திருந்தாள்.

நர்ஸ் அவளிடம் ஞாபகசக்தி டெஸ்ட்டுக்கான டேப்லெட்டைக் கொடுத்தாள். திரையில் ஐந்து வார்த்தைகள் வந்து மறைந்தன. அடுத்து ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்க வேண்டும். பிறகு அந்த ஐந்தையும் சொல்ல வேண்டும். கணவர் நகத்தைக் கடித்தபடி கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும், "பாவம், நாக்கு வறண்டிருக்கும்" என்று தண்ணீர் பிடிக்கப் போனார்.

முழு மதிப்பெண்!

"உங்களுக்கு மறதியே இல்லையேம்மா?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "மறதி அவருக்குத்தான், சிஸ்டர். செக்கப்னு சொன்னா வாசப்படி தாண்ட மாட்டாரு. எனக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போயிடுவாரு. அதான் ஆறு மாசமா மறந்த மாதிரி நடிச்சேன்."

நர்ஸ் திரையிலிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தாள். இதற்கு மதிப்பெண் போட எந்தக் கருவி இருக்கிறது?

தம்ளரோடு திரும்பியவர் மனைவியின் தோளைத் தட்டினார்.

"பயப்படாதே. சிஸ்டர், டெஸ்ட்ட எப்ப ஆரம்பிப்பீங்க? முதல்ல நான் செஞ்சு காட்டுறேன். அதப் பாத்தா இவளுக்கும் தைரியம் வரும்."

நர்ஸ் இரண்டு கைகளாலும் டேப்லெட்டை அவரிடம் நீட்டினாள்.