மத்தியான ரயில்

யோக்கிம் வாவிக்கரை ஊரான தன்னாமுனையில் ரயில் கேட் காவலாளி. சமையல் வேலையென்று வெளிநாடு போய், அங்கே யாருடையதோ யுத்தத்தில் சிப்பாயாக்கப்பட்ட மகன் டிலுக்சன் மத்தியானம் போன் எடுத்தான்.

“மூணு நாளா ரயில்ல போறம் அப்பா. புதுப் பயிற்சி முகாமுக்காம்.”

“வெளியில என்ன தெரியுது மகன்?”

“ஒரே பனி.” போனில் ரயில் கூவும் சத்தம் கேட்டது. “அப்பா, நம்மட வாவி தெரியுது. கேட்டப் பூட்டுங்க.”

தொடர்பு அறுந்தது. அடுத்த ரயில் பின்னேரம்தான். ஆனாலும் யோக்கிம் எழும்பிப் போய்க் கேட்டைப் பூட்டினார். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹோன் அடித்தார்கள். தண்டவாளத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வாவிக் காற்றில் வந்த உப்பென்று நினைத்துத் தடவினார். விரல்கள் விறைத்தன. இரும்பு மெல்ல அதிர்ந்தது.

கையிலிருந்த பச்சைக் கொடியைக் கீழே வைத்தார். சிவப்பை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றார்.