கோச் வேண்டாம்

“எழுதிக்குங்க மேனேஜர் சார். நாளைக்கு ஃபைனல்ல எனக்குக் கோச் வேண்டாம்!”

ஓய்வறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். நீளப் பெஞ்சின் நடுவில், கால் இரண்டையும் ஐஸ் வாளிக்குள் விட்டபடி வீராங்கனை. அவளுக்குப் பின்னால், அதே பெஞ்சில், தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு பிசியோ அக்கா. மூலை மேசையில் மேனேஜர். கதவை ஒட்டிய நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு கோச்.

வெளியே கூட்டம் இன்னும் அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அரையிறுதியில் ஜெயித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

மேனேஜர் பேனாவைத் திறக்கவில்லை. “ஜெயிச்ச வேகத்துல எதையாவது பேசாதேம்மா. கோச் நாற்காலியில யாருன்னு ஆறு மணிக்குள்ள போட்டி ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கணும். கொடுத்துட்டா மாத்த முடியாது.”

“தெரியும் சார். அதான் இப்பவே சொல்றேன்.”

கோச் தொண்டையைச் செருமினார். “இன்னைக்கு யார் போட்ட திட்டத்துல ஜெயிச்சே?”

“திட்டம் உங்களுதுதான். ஆனா எப்போ ஜெயிச்சேன்? மூணாவது செட்ல ரெண்டுக்கு அஞ்சுன்னு செத்துக்கிட்டிருந்தேன். ராக்கெட் நரம்பு அறுந்துச்சு. புதுசு மாட்டிட்டு வர நீங்க வெளியே போனீங்க. திரும்பி வர்றதுக்குள்ள அஞ்சு கேமையும் வரிசையா அள்ளிட்டேன்!”

“நான் இல்லாததாலயா?”

“உங்க முகம் இல்லாததால!”

பிசியோ அக்கா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “தப்பா நினைக்காதீங்க கோச் சார். ஆறு வருஷமாக் கூட இருக்கேன். உங்களுக்குப் பல் இருக்கா இல்லையான்னே எனக்கு இன்னும் தெரியாது.”

கோச் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கை தோளிலேயே நின்றுவிட்டது.

வீராங்கனைக்கு வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. “பிரஷர்னா எல்லாரும் கூட்டத்தைச் சொல்றாங்க, டிவியைச் சொல்றாங்க. எனக்குக் கூட்டம் பிடிக்கும் கோச். அவங்க கத்துனா கால் தன்னால ஓடுது. எதிர்ல நிக்கிறவ எவ்வளவு வேகமா அடிச்சாலும் பயமில்லை, அது பந்துதானே, திருப்பி அடிச்சிடலாம். ஆனா நான் ஒரு பந்தை நெட்ல அடிச்சா உங்க நெத்தியில ஒரு கோடு விழுதே, அதை எந்த ராக்கெட்டால திருப்பி அடிக்கிறது?”

வாளியில் ஐஸ் கட்டி ஒன்று புரண்டது.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பக்கென்றது. எழுந்து ஒரேயடியாகப் போய்விடுவாரோ? அப்படிப் போய்விட்டால், நாளைக்குக் கோப்பையை வாங்கி யாரிடம் காட்டுவது?

கோச் எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை, மேசைக்குப் போனார்.

“எழுதுங்க சார்.”

மேனேஜர் எழுதினார். கோச் குனிந்து படித்தார்.

“‘தேவையில்லை’ன்னு போடாதீங்க. வாசல்ல வந்த வியாபாரிக்குச் சொல்ற மாதிரி இருக்கு. ‘விடுவிக்கப்படுகிறார்’னு போடுங்க.”

ஈரக் கையோடு அவள் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் கடிதத்தை மடித்து உறையிலிட்டு, ஓரத்தை ஒட்டி, முஷ்டியால் அழுத்தி, வெளியே காத்திருந்த ஆபீஸ் ஊழியரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“அப்போ நாளைக்கு நான் எங்கே உக்காரணும்?” என்று கேட்டார் கோச்.

“கூட்டத்துல. நான் தப்பா அடிச்சாலும் கை தட்டணும்.”

“பழக்கமில்லை. முயற்சி பண்றேன்.” பெஞ்சில் அவளருகே வந்து உட்கார்ந்தார். பிறகு, “பசிக்குதாம்மா?” என்றார்.

ஏழு வயதில் அவள் கையில் ராக்கெட்டைக் கொடுத்த அன்றே ‘இனி என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது’ என்று அவர் தடை போட்டிருந்த அந்த ஒரு சொல்லை, அவள் வாய் நிறையச் சொன்னாள்.

“ரொம்பப் பசிக்குது, அப்பா!”