புது இன்ஜின் வெள்ளோட்டம்

லீவரை முன்னால் தள்ளினார் மேனேஜர். படகு பின்னால் போனது.

அதுவும் மெதுவாகப் போகவில்லை. புது இன்ஜின் அல்லவா, ஜம்மென்று பின்வாங்கி, படகுத்துறையில் தொங்கவிட்டிருந்த டயரில் டம்மென்று மோதி நின்றது.

துறையில் நின்ற கூட்டம் ஓரடி விலகிக்கொண்டது. மேனேஜரின் மனைவி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் கடைக்காரர். படகு இன்று ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வரவில்லை என்றால், வந்த விலைக்கு அதை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நிபந்தனை போட்டவள் மனைவி. ஆளைக் கையோடு கூட்டி வந்தவளும் அவள்தான்.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? கயிற்றைப் பிடித்த ஆளைத் தண்ணீர்மேல் சறுக்கவிட்டு இழுத்துப் போகிற பழைய படகு அது. அதன் இன்ஜின் செத்து, படகு ஷெட்டுக்குள் வந்து படுத்ததிலிருந்து மனிதர் வீட்டில் யாரோடும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. சாப்பாடு ஷெட்டுக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும் ஷெட்டுக்குப் போய், ஆளுக்கொரு பாடம் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்ளலாமே என்று வாய்தவறிச் சொன்ன நண்பர் ஒருவர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு வங்கியையே ஓட்டிய மனுஷனுக்கு ஒரு படகை ஓட வைக்கத் தெரியாதா?

புது இன்ஜினை அவரே இறக்கினார். அது உட்காருகிற கட்டைகளை அவரே அளந்து வெட்டினார். தப்பாக வெட்டியதை மறுபடி வெட்டினார். தண்ணீருக்கடியில் சுற்றிப் படகைத் தள்ளுகிற புரொப்பல்லரை மட்டும் மாற்றவில்லை. அந்தக் காலத்து வெண்கலம், இதுபோல இன்றைக்கு எவன் செய்கிறான் என்று சொல்லி, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துத் திரும்ப மாட்டினார்.

இப்போது, டயரில் முட்டி நிற்கிற படகில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. பழைய இன்ஜின் இடப்பக்கமாகச் சுற்றும். புது இன்ஜின் வலப்பக்கமாகச் சுற்றுகிறது. அதே புரொப்பல்லரை எதிர்த்திசையில் சுற்றினால் படகு வேறு எங்கே போகும்?

டைல்ஸ் கடைக்காரர் வண்டி டிரைவரைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்.

"முதல்ல ரிவர்ஸத்தானே செக் பண்ணணும்," என்றார் மேனேஜர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கூட்டத்தில் ஒருவர் ஆமாமாம் என்று தலையாட்டினார். குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்தால் போதும், தலையாட்ட ஒருவர் எங்கேயும் கிடைத்துவிடுவார்.

மேனேஜர் உடம்பைச் சாய்த்துக் கையை மறைத்துக்கொண்டார். லீவரைப் பின்னால் இழுத்தார். படகு முன்னால் போனது.

அடடா, என்ன போக்கு! முழு வேகம் வரவில்லைதான். கியர்பாக்ஸ் முனகியதும் உண்மைதான். முனகினால் முனகட்டும். மிச்சமிருக்கிற காலம் முழுக்க ரிவர்ஸ் கியரிலேயே முன்னால் போவது என்று ஏரியின் பாதி தூரத்துக்குள் முடிவு செய்துவிட்டார். தப்பு நடந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு சுற்று முடித்து, ராஜாவாட்டம் கையை ஆட்டிக்கொண்டே துறைக்கு வந்தார். கூட்டம் கைதட்டியது. டைல்ஸ் கடைக்காரரும் தட்டினார், பாவம். படகு பிழைத்துவிட்டது.

அப்போதுதான் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் படகுக்குள் இறங்கினாள்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு அதில் ஒரே இடம்தான். இழுபடுகிற ஆள் விழுந்தாரா, எழுந்தாரா என்று பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிற இருக்கை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லியே மனிதர் காலத்தைத் தள்ளிவிட்டார். இன்று அவள் கேட்கவில்லை. நேராக ஸ்டீயரிங்கிடம் வந்து, தள்ளி உட்காரச் சொன்னாள்.

மேனேஜர் அவசரமாகக் கணக்குப் போட்டார். லீவரை இவள் முன்னால் தள்ளுவாள், படகு பின்னால் போகும். மறுபடியும் ரிவர்ஸைத்தான் செக் செய்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? புது இன்ஜின், கொஞ்சம் பழகட்டும், இன்னொரு நாள் பார்ப்போமே என்று குழைந்து பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கரையிலிருப்பவர்களுக்குத் தெரியாதபடி உடம்பைச் சற்றுச் சாய்த்துக்கொண்டாள். லீவரைப் பின்னால் இழுத்தாள்.

படகு முன்னால் போனது.

மேனேஜர் லீவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"புரொப்பல்லரையும் சேத்து மாத்தணும்னு இன்ஜின் வித்த கடைக்காரர் அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னாரு," என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நான் ஷெட்டுக்குச் சொல்ல வந்தேன். உனக்கு இதெல்லாம் புரியாதுன்னீங்க."

மேனேஜர் எழுந்து பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அங்கே காற்று முதுகில் அடித்தது. பார்ப்பதற்குப் படகு விட்டுப்போகிற நுரையைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் ஒரு சுற்றோடு விடவில்லை. வளைவுகளில் படகைச் சாய்த்து, தண்ணீரை வாரி இறைத்து, சின்னப்பிள்ளைபோல வாய்விட்டுச் சிரித்தாள். துறையில் கொண்டுவந்து அலுங்காமல் நிறுத்தியபோது முகமெல்லாம் ஈரம்.

டைல்ஸ் கடைக்காரருக்கு ஆசை விடவில்லை. கொஞ்சம் கூடவே தருவதாகச் சொல்லி, யோசித்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டார்.

"விக்கிறதா இல்லைங்க," என்றாள் அவள். "இதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் இப்பத்தான் கிடைச்சிருக்கு."