ஒத்தை பூட்ஸ்

"யோவ் செங்கலு, இன்னா வேலை பண்ணிகினு கீறே? பூஜைல போய் பூட்ஸை வைக்கிறியே!"

மேஸ்திரி கஜபதி போட்ட சத்தத்தில் ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஆயுத பூஜை. புதுசாய்ப் பூட்டி முடித்த டாங்கிக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயரச் சாமந்தி மாலை. சக்கரப் பட்டைக்கடியில் எலுமிச்சம்பழம். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வாழையிலையில் வரிசையாய்ப் படுத்திருந்தன.

அந்த வரிசையில்தான் ஃபிட்டர் செங்கல்வராயன் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்திருந்தார். கறுப்பு பூட்ஸ். பழசு. அதுவும் ஒத்தைக் கால்.

"காலைல செருப்போட வந்தேன்னு என்னை வெளியே தள்ளினியே அண்ணாத்தே," என்றான் டிரைவர் வரதன். "உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?"

"இன்னொண்ணை நாய் தூக்கிகினு பூட்ச்சா?" பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

செங்கல்வராயன் சிரிக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. பூட்ஸ் நாடாவை இழுத்து ஒழுங்காய் முடிச்சுப் போட்டார்.

கஜபதி குரலைத் தணித்தார். "உன் புள்ள யாழ்ப்பாணத்துச் சண்டைல போய்ட்டான். அதிலேருந்து நீ ஒரு நெலைல இல்ல, தெரியும். அதுக்காக சாமி முன்னால தோலையா வைக்கிறது? எடுத்துடு. ஆபீசருங்க வர்ற நேரம். பார்த்தா உன்னை கேட்டுக்கு வெளியே நிறுத்திடுவாங்கய்யா."

"நிறுத்தட்டும். எடுக்க மாட்டேன்."

"இன்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"இன்னிக்கு ஆயுதத்துக்குத்தானே பூஜை? என் புள்ள துலுக்கானம் காலாட்படை, மேஸ்திரி. அவனுக்கு டாங்கி கெடையாது. காலுதான்."

"துப்பாக்கி இருந்திருக்குமே?" என்றான் வரதன்.

"அதை கெவுர்மெண்டு வெச்சிகிச்சு. எனக்கு வந்தது இதான்."

செங்கல்வராயன் பூட்ஸை வாழையிலையில் நேராக்கி வைத்தார்.

"லீவுல வந்தப்போ நானே நக்கல் பண்ணேன். 'நான் டாங்கி பூட்டறேன், நீ இன்னாடா இன்னும் நடந்துகினே கீறே'ன்னு. 'நைனா, உன் டாங்கிக்கு முன்னால கண்ணிவெடி கீதான்னு பார்த்துகினு போறதே நாங்கதான்'னான். போன வருசம் ஐப்பசில அப்படித்தான் நடந்து போயிருக்கான். இதோட ஜோடி, வெடி மேல பட்ச்சு."

சிரித்தவர்கள் கிட்டே வந்து நின்றார்கள்.

"பின்னால வந்த டாங்கி அங்கேயே நின்னுடுச்சு. உள்ளே இருந்த மூணு பேரும் ஊடு திரும்பிட்டாங்க. அதுல ஒரு தம்பிதான் இதைக் கொண்டாந்து என் கையில குடுத்தான்." செங்கல்வராயன் நிமிர்ந்தார். "அந்த டாங்கி நம்ம ஷெட்டுல பூட்டினது."

வாசலில் ஆபீசர் ஜீப் வந்து நின்றது. பூசணிக்காய் உடைந்தது. வரதன் டாங்கிக்குள் இறங்கி எஞ்சினைக் கிளப்பினான்.

"மேஸ்திரி, வண்டியை எடுக்கட்டா?" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"இரு!"

கஜபதி குனிந்தார். பூட்ஸின் முனையில் சந்தனம் வைத்தார். அதன் மேல் குங்குமம் வைத்தார். இரண்டு கையாலும் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"இப்ப மெதுவா எடு வரதா. எப்பவும் போல இதுவே முன்னால போவட்டும்."

ஆபீசர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, கஜபதி வெறுங்காலோடு முன்னால் நடந்தார். டாங்கி பின்னாலேயே வந்தது.