கொண்டறை

"ஏம்மா, கொண்டறைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

பேராசிரியரின் படிப்பெல்லாம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. கையில் அவர் எழுதி அச்சிட்ட புது அகராதி. எதிரே பதிப்பக முதலாளி, மேஜையில் நியமன உத்தரவு. கையெழுத்து விழுந்தால் இவர்தான் இனி அகராதிப் பிரிவுக்குத் தலைமை ஆசிரியர். முப்பது வருஷமாக அங்கே மெய்ப்புத் திருத்தும் அம்மாளுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும். அந்த நிபந்தனையோடுதான் மனிதர் வந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றார் அம்மாள்.

"அதானே, உனக்கெங்கே தெரியப்போகுது! தண்ணி சேர்த்து வைக்கிற தொட்டிம்மா. நீங்கள்லாம் டேங்க்னு இரவல் வாங்கிப் பேசுவீங்க. இல்லாட்டி தொட்டிம்பீங்க. மாட்டுக்குத் தவிடு கரைக்கிறதும் தொட்டி, குடிக்கிற தண்ணிக்கும் தொட்டியா? கொண்டல்னா மழை மேகம். அது வந்து தங்குற அறை, கொண்டறை!"

முதலாளி சொக்கிப் போனார். "அடடா! எங்கே சார் பிடிச்சீங்க?"

"ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து புள்ளியும் கமாவும் திருத்தினா கிடைக்குமா? வெயில்ல நாயா அலைஞ்சேன். தொண்ணூறு வயசுக் கொத்தனார் ஒருத்தர் சொன்னார். மொட்டை மாடியில மழைத் தண்ணிக்குக் கட்டுற கல் தொட்டியாம். அவங்க பரம்பரையே அப்படித்தான் சொல்லுமாம்."

"கொத்தனார் வாயாலயே கேட்டீங்களா சார்?" என்று கேட்டார் அம்மாள்.

"பின்னே, கனவுலயா கேட்டேன்? சொல்லும்போதே கண் கலங்கிட்டார் மனுஷன்."

"நம்ம பதிப்பகம் போட்ட பழைய அகராதியில பார்த்தீங்களா?"

"அந்தக் குப்பையையா? இந்தக் கையால தொட்டதில்ல." முகத்தைச் சுளித்தார். "முதலாளி, இந்த மாதிரி ஆளுங்களை வெச்சு எப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினீங்களோ! கையெழுத்தைப் போடுங்க, முதல்ல இந்த மேஜையைக் காலி பண்ணணும்."

முதலாளி பேனாவைத் திறந்தார். அம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குரல் மட்டும் நிதானமாகவே இருந்தது.

"எந்தக் கொத்தனாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாதுங்க முதலாளி. நம்ம அகராதியைத் திருடி அச்சடிக்கிறவன் என்னைக்காவது மாட்டட்டும்னு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே கற்பனையா கட்டி, உள்ளே செருகி வெச்ச பொய் வார்த்தை அது."