வட அமெரிக்கச் சந்தை

மகள் கோபிகா பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு போத்தல் நெல்லிக்காய்ப் பானம், நெல்லிரசம், கொடுக்கலாம் என்று, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு 'சாமத்தியவீட்டுக்கு முந்நூறு' என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் பெட்டிக் கணக்கில் விற்பவர்கள் என்பது, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வாசலில் லொறி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. முந்நூறு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு போத்தல்.

கராஜ் நிறைந்தது. கார் பனியில் நின்றது. மனைவி கோணேஸ்வரி இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. அதை நட்டம் என்று சொல்ல முடியாது.

கம்பனிக்குப் பெரிய சந்தோசம். என் படம் கேட்டார்கள். கோட் போட்டு, பெட்டிகளுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினேன். பங்குச் சந்தையில் உள்ள கம்பனி அது; ஆண்டறிக்கையில் முழுப் பக்கத்துக்கு என் முகம். கீழே 'எங்கள் வட அமெரிக்கச் சந்தை' என்று எழுதியிருந்தது. ஏற்றுமதியால் லாபம் மூன்று மடங்காம், பங்கு விலை பறக்கிறதாம். தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். தெரியாத சிலருக்கும்.

போன கிழமை, கொழும்பில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அலுவலகத்திலிருந்து நிரோஷினி என்ற அதிகாரி வீடியோவில் வந்தார்.

"குலசிங்கம் எண்டது நீங்களோ?"

"ஓம், மிஸ்."

"உந்தக் கம்பனி பொய் விற்பனை காட்டி லாபத்தை ஊதினதெண்டு விசாரிக்கிறம். ஒரு சாமத்தியவீட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு போத்தலோ?"

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்க, அடுத்த கிழமை கொழும்புக்கு ரிக்கெற் போட்டிருந்தேன்.

"மிஸ், நான் அங்க வரலாமோ? எயார்போர்ட்டில பிடிப்பீங்களோ?"

"முதல்ல போத்தல்களைக் காட்டுங்கோ."

கராஜைத் திறந்து காட்டினேன். பனி அள்ளுகிற சவல் ஒன்று சாய்ந்து நின்றது. வேறொன்றும் இல்லை.

"எல்லாத்தையும் குடுத்துப்போட்டன். கோயிலுக்கு, பக்கத்து வீடுகளுக்கு, பஸ் ட்ரைவருக்கு..."

"பில் இருக்கோ?"

"சும்மா குடுத்ததுக்கு என்ன பில், மிஸ்?"

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நீளமாக எழுதினார்.

கோணேஸ்வரி ஃபோனைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வினாகிரி, பிரிட்ஜில் தண்ணீர், சாமித்தட்டில் தீர்த்தம், எல்லாம் நெல்லிரசப் போத்தலில், லேபல் கிழியாமல். கீழ்த்தட்டில் கழுவிக் கவிழ்த்த வெறும் போத்தல்கள் இன்னும் நாற்பது.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை. பொய்க்கணக்கு எழுத இந்தாளுக்கு மூளை இருந்தா, அண்டைக்கு மெய்க்கணக்கை ஒழுங்கா எழுதியிருக்க மாட்டாரோ?"

கலியாணம் கட்டி இருபது வருடத்தில் அவள் எனக்காகப் பேசியது அன்றுதான். கண் கலங்கியது.

"மிஸ், நேராச் சொல்லுங்கோ. நான் வரலாமோ, கூடாதோ?"

நிரோஷினி பேனாவை மூடினார். முதல்முறையாகச் சிரித்தார்.

"கட்டாயம் வாங்கோ அண்ணை, சாட்சி சொல்லோணும். அந்த அறிக்கையில இருக்கிற நாற்பத்தொரு வெளிநாட்டு வாடிக்கையாளரில, உண்மையான ஆள் நீங்கள் ஒராள்தான்."