பளிங்குத் தண்ணீர்

தொட்டித் தண்ணீர் மறுபடியும் கலங்கிவிட்டது. பத்து மீனில் நாலு போயாச்சு. மிச்சம் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

சலவைக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

தொட்டி மகளுக்காக வாங்கியது. ஒன்பது வயசு. காலில் மாவுக்கட்டோடு ஹால் சோபாவில் கிடக்கிறாள். எத்தனை நாள்தான் சுவரையே பார்ப்பாள்? அதனால் அடியில் மண், நடுவில் ஒரு வேர்க்கட்டை, சுற்றிலும் நிஜச் செடி, ஊடே நீலக்கோடு போட்ட குட்டி மீன்கள் என்று ஒரு காட்டையே கண்ணாடிக்குள் இறக்கியிருந்தார்.

"அப்பா, இந்த ஆறும் செத்துட்டா தொட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு வேண்டாம்."

"சாகாது. அப்பா எதுக்கு இருக்கேன்?"

பில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை உருவினார். தினமும் காலையில் நடக்கிற வேலைதான். குழாயடியில் பிளீச்சிங் போட்டுக் கசக்கி, நாலு தண்ணீரில் அலசினார். வெள்ளை வெளேரென்று வந்தது.

"கடையில வெளுக்கறது போதாதா? அதை ஒருநாள் விடுங்களேன்" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அவர் வீட்டிலும் ஒரு தொட்டி உண்டு. பல வருஷத்துத் தொட்டி. பார்த்தவர்கள் வாய் ஓயாமல் பேசும் தொட்டி. அந்த எரிச்சலில்தான் அதே கம்பெனி பில்டரை, அதே அளவில் இவரும் வாங்கிப் போட்டிருந்தார்.

"சகலை, தினமும் கழுவாதீங்க. அந்த ஸ்பாஞ்சுல அழுக்கு இருக்கணும். கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் அதுலதான் வளரும். அதுங்கதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும்."

"அழுக்கு சுத்தம் பண்ணுமா? நல்லா இருக்கே! அப்ப நாளையிலேருந்து வேட்டியெல்லாம் சேத்துல முக்கிக் குடுக்கிறேன், கட்டிக்கறீங்களா?"

மகளே சிரித்துவிட்டாள்.

"அதுக்கில்ல..."

"இந்தக் கை வெளுக்காத துணி கிடையாது. எனக்கே அழுக்குப் பாடமா? என் தொட்டி உங்க தொட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுடும்னு பயம். அதானே?"

சகலை கலங்கிய தண்ணீரையும் குழந்தை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் ஸ்பாஞ்சை பில்டரில் செருகிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்ததும் மகள் கையை நீட்டினாள்.

"அப்பா, நான் சொல்ற வரைக்கும் பில்டரைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"எதுக்குடி?"

"மீனுக்குத் தொந்தரவா இருக்காம். பண்ணுங்க!"

கடையில் வேலை மலையாகக் குவிந்திருந்தது. சரி, போ என்று கையில் அடித்துக் கொடுத்தார்.

நாலு நாள் போனது. காலையில் மகள் போட்ட கூச்சலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"அப்பா! தண்ணி! தண்ணியைப் பாருங்க!"

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியொரு தெளிவு. இலைக்கு இலை முத்து முத்தாகக் குமிழி. ஆறு மீனும் செடிகளுக்குள் புகுந்து புகுந்து துரத்திக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு புதுத் தளிர்கூட எட்டிப் பார்த்தது.

"ஏய், இங்க வா! எல்லாரும் வாங்க!"

வாயில் நுரையோடு குதித்தார். பால்காரரை உள்ளே இழுத்துக் காட்டினார். மாடிவீட்டுக்காரருக்குக் காட்டினார். மகள் ஒற்றைக் காலில் எழுந்து நின்று கை தட்டினாள்.

"பார்த்தியா? கழுவக் கழுவத்தான் வழிக்கு வந்துச்சு. கைராசி வேணும்டி, கைராசி!"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

போனில் வீடியோ எடுத்தார். அனுப்பினால் திருப்தி வருமா? நேரே போய் அந்த மூஞ்சியில் காட்ட வேண்டும். ஸ்கூட்டரை உதைத்தார்.

சகலை வீட்டு ஹாலில் நுழைந்தவர் அப்படியே நின்றார். பேர்போன தொட்டி கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. செடிகள் துவண்டிருந்தன. மீன்களையெல்லாம் பக்கத்தில் ஒரு பெரிய வாளிக்கு மாற்றியிருந்தார்கள்.

"அடடே! என்ன சகலை இது? அழுக்கு வைத்தியம் உங்களுக்கே பலிக்கலையா?"

"என்னமோ, போதாத காலம்" என்றார் சகலை. "பாப்பா மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"துள்ளுது! இந்தாங்க, பாருங்க."

சகலை வீடியோவை முழுசாகப் பார்த்தார். மறுபடியும் ஒருதடவை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. இவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சமாவது வயிறு எரிய வேண்டாமா?

"தள்ளுங்க, நானே சரி பண்ணித் தர்றேன். முதல்ல ஸ்பாஞ்சை வெளுக்கணும்."

"ஐயோ, அதைத் திறக்காதீங்க! அப்படியே இருக்கட்டும்!"

"சும்மா இருங்க. கூலி கேக்க மாட்டேன்."

மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை வெளியே இழுத்தார்.

வெளுக்க அதில் ஒன்றுமில்லை. மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. ஓரத்தில் அழியாத மையில் சின்னதாக ஒரு முக்கோணம், உள்ளே ஒரு புள்ளி. அவருடைய கடைக்குறி. கைக்குட்டையானாலும் குறி போடாமல் அவர் எதையும் தண்ணீரில் நனைத்ததில்லை.

இது இங்கே இருக்கிறது. அப்படியானால் வீட்டில் அந்த பில்டருக்குள் இருப்பது?

ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடி திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்காமல், வாளிப் பக்கம் குனிந்து மீன்களுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார் சகலை.